அசடாகத் தெரிவதற்கு ஆகும் செலவு

கேள்வி இது: "பாலென்சியாகா என்ற ஆடம்பர ஃபேஷன் பிராண்ட் குப்பைப் பை மாதிரி ஒரு கைப்பையை லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. மோஸ்கினோ மெக்டொனால்ட்ஸ் சீருடையை ஃபேஷன் மேடையில் ஏற்றியது. க்ரெட் செயலியின் விளம்பரத்தில் ராகுல் திராவிட் காருக்கு மேலே எழுந்து நின்று மட்டையைச் சுழற்றினார். வேண்டுமென்றே மலிவாகவும் மிகையாகவும் தெரிவதில் பிராண்டுகளுக்கு என்ன லாபம்? நாங்கள் முறுக்கு, காராசேவு விற்கும் சிறிய நிறுவனம். பழைய சினிமா பேனர், லாரி எழுத்து பாணியில் பாக்கெட்டையும் விளம்பரத்தையும் செய்யலாம் என்கிறார் எங்கள் டிசைனர். சரிவருமா?"

சரிவரலாம். ஆனால் டிசைனர் உங்களிடம் காட்டியிருக்கும் மாதிரிகளில் படம் மட்டும்தான் இருக்கும். அதன் பின்னால் போன பணமும், அதனால் வாங்கிய அடியும் இருக்காது. இந்தப் பாணியில் பேர் வாங்கியவர்களே பிறகு இதே பாணியால் சிக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கிட்ச், கேம்ப் இரண்டையும் பிரித்துக்கொள்வோம். கிட்ச் என்று விமர்சகர்கள் சொல்வது நம் வீட்டு ஷோகேஸில் இருக்கும் சாமான்களைத்தான்: உள்ளே பல்பு எரியும் பிளாஸ்டிக் தாஜ்மகால், ஜிகினா ஒட்டிய வாழ்த்து அட்டை, கன்னத்தில் கண்ணீர் உருளும் குழந்தையின் போஸ்டர். மலிவாக, ஆயிரக்கணக்கில் தயாராகி, சுற்றி வளைக்காமல் நேராக உணர்ச்சியைத் தொடுபவை. 1939-இல் கிளெமென்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்க விமர்சகர் இதை உயர்ந்த கலைக்கு நேர் எதிரியாக நிறுத்தி எழுதினார். கேம்ப் ஒரு ரசனை முறை. மிகை என்று தெரிந்தே மிகையைக் கொண்டாடுவது, ஜிகினாவைப் பார்த்து முகம் சுளிக்காமல் இன்னும் கொஞ்சம் ஒட்டச் சொல்வது. 1964-இல் சூசன் சான்டாக் இதைப் பற்றி 58 குறிப்புகள் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், கிரீன்பெர்க்கின் வசவும் சான்டாக்கின் ரசனைக் குறிப்புகளும் 25 வருட இடைவெளியில் 'பார்ட்டிசன் ரிவியூ' என்ற ஒரே பத்திரிகையில்தான் வந்தன. விளம்பரக்காரர்கள் சான்டாக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவருடைய குறிப்புகளில் வியாபாரிக்கு வேண்டியது ஒன்றுதான். கேம்ப் தெரியாமலும் அமையும், திட்டமிட்டும் செய்யலாம். தெரியாமல் அமைவதே சுத்தமானது, திட்டமிட்டது ஒரு படி கீழே என்கிறார். ஒருவர் முழு மனதோடு, பெரிதாக, அழகாக என்று நினைத்து ஒன்றைச் செய்ய, அது அளவு மீறிப் போய், பார்ப்பவருக்கு வேறு விதமான சந்தோஷம் தருகிறதே, அதுதான் முதல் வகை.

நமக்கு உதாரணம் தி.நகரிலேயே இருக்கிறது. சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் உரிமையாளர் சரவணன் அருள், தன் கடை விளம்பரத்தில் தானே ஹன்சிகாவோடும் தமன்னாவோடும் திரையில் வந்தார். தமிழ்நாட்டில் அப்போது அதை வைத்து மீம் போடாதவர் பாக்கியில்லை. அவர் கோபப்படவும் இல்லை, "நானும் சும்மா ஜாலிக்குத்தான் செய்தேன்" என்று சமாளிக்கவும் இல்லை. அடுத்தடுத்த விளம்பரத்திலும் அதே கம்பீரத்தோடு வந்தார். 2022-இல் முழுநீளப் படத்துக்கே நாயகனானார். கேலி செய்தவர்கள் எல்லோரும் கூலி வாங்காமல் கடைப் பெயரைச் சுமந்தார்கள். இதையே ஒரு ஏஜென்சி உட்கார்ந்து "மீம் ஆகட்டும்" என்று திட்டம் போட்டு எடுத்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்போம். ஓடியது அந்த மனிதரின் நம்பிக்கை.

இங்கேதான் பெரிய கம்பெனிகளுக்குச் சிக்கல். ஏஜென்சி, ஆய்வுக் குழு, வக்கீல், பட்ஜெட் எல்லாம் வைத்துக்கொண்டு அப்பாவியாக இருக்க முடியாது. அவர்களால் முடிந்தது சான்டாக் சொன்ன இரண்டாவது வகை மட்டும்தான். அதையும் ஒழுங்காகச் செய்ய ஒரே வழி, வேஷத்தைக் கலைக்காமல் இருப்பது. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவை எதிரில் வைத்துக்கொண்டே கிண்டலடிப்பான், கூட்டம் உருளும். ராஜா வேஷம் கட்டியவர் மட்டும் உதட்டைக்கூட அசைக்க மாட்டார். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டால் அன்றைய கூத்து முடிந்தது. தோற்றுப்போன கேம்ப் விளம்பரங்களில் பெரும்பாலானவை ராஜா சிரித்த விளம்பரங்கள்: "பாருங்கள், நாங்கள் எவ்வளவு ஜாலியான கம்பெனி" என்று நடுவில் கண்ணடித்தவை.

சிரிக்காத ராஜாவுக்கு என்னுடைய முதல் உதாரணம் எப்போதும் ஓல்டு ஸ்பைஸ். ஆண்களுக்கான பொருளாக அது அமெரிக்காவில் வந்தது 1938-இல். 1990-இல் பிராக்டர் அண்ட் கேம்பிள் வாங்கியது. அதன்பிறகும் பல காலம், பாய்மரக் கப்பல் போட்ட அந்த வெள்ளைப் பாட்டில் தாத்தாவின் ஷேவிங் அலமாரியையே நினைவுபடுத்தியது. யுனிலீவரின் ஆக்ஸ் இளவட்டங்களை அள்ளிக்கொண்டு போனது. 2010 பிப்ரவரியில் போர்ட்லண்டின் வீடன் கென்னடி ஏஜென்சி 30 வினாடி விளம்பரம் ஒன்றை எடுத்தது. ஆண்களின் பாடி வாஷைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் வாங்கி வைக்கிறார்கள் என்ற எளிய கணக்கு அதன் அடியில் இருந்தது. அதனால் இசாயா முஸ்தஃபா என்ற நடிகர் குளியலறையில் துண்டோடு நின்று நேராகப் பெண்களைப் பார்த்துப் பேசுகிறார்: உங்கள் ஆளைப் பாருங்கள், இப்போது என்னைப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே குளியலறை மேலே எழும்பிப் போகிறது, அவர் ஒரு படகில் நிற்கிறார், கையில் இருந்த சிப்பிக்குள் வைத்த டிக்கெட்டுகள் வைரமாகக் கொட்டுகின்றன, கடைசியில் பார்த்தால் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் பலர் கவனிக்காதது வேலைத்தரம். சின்னதாகக் கொஞ்சம் கிராஃபிக்ஸ் போக மற்றதெல்லாம் கேமரா முன்னால் நிஜமாகவே நடந்தது. செட் சுவர்கள் தூக்கப்பட்டன, சட்டை மேலிருந்து விழுந்தது, நடிகர் ஒரே மூச்சில் வசனத்தை முடித்தபடி ஒரு இடத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தப்பட்டார். ஒரு அசட்டு ஜோக்குக்கு இவ்வளவு உழைப்பா என்று தோன்றும். அந்த உழைப்புதான் ஜோக்கே. அரைகுறை கிராஃபிக்ஸில் செய்திருந்தால் இன்னொரு சோப்பு விளம்பரமாகப் போயிருக்கும். அதே ஆண்டு ஜூலையில், இணையத்தில் மக்கள் கேட்ட கேள்விகளுக்கு அதே நடிகர், அதே துண்டு, அதே குரலில் இரண்டு மூன்று நாட்களுக்குள் 180-க்கும் மேற்பட்ட குட்டி வீடியோக்களில் பதில் சொன்னார். கான் விளம்பர விழாவின் கிராண்ட் பிரீயும் கிடைத்தது. இன்னொரு விஷயம்: சோப்பு நன்றாக இருக்குமா என்று யாரும் சந்தேகப்படவில்லை. பிராக்டர் அண்ட் கேம்பிளுக்கு சோப்பு செய்யத் தெரியும் என்பது நூறு வருடத்துக்கும் மேலாக ஊரறிந்த சங்கதி.

கே.எஃப்.சி. இதே வழியில் இன்னும் கொஞ்சம் கிறுக்காகப் போனது. 2017 அன்னையர் தினத்துக்கு, தன் சின்னத்தில் இருக்கும் வெள்ளைத் தாடி கர்னல் சாண்டர்ஸைக் காதல் நாயகனாக்கி ஒரு குறுநாவலையே வெளியிட்டது. 2020-இல் க்ராக்ஸோடு சேர்ந்து பொரித்த கோழி அச்சிட்ட செருப்பு, அதில் செருகிக்கொள்ளக் கோழிவாசம் வீசும் சின்னப் பொம்மைகள். அதே வருடக் கடைசியில் மாரியோ லோபஸ் கர்னலாக நடித்த குறும்படம். எனக்கு அந்தக் குறும்படம் தேறவில்லை, நடிப்பிலேயே கண்ணடிப்பு அதிகம். குறுநாவல் பிடித்தது. அட்டைப்படம் மட்டும் போட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். உட்கார்ந்து கதையை எழுதி முடித்தார்கள் பாருங்கள், அங்கே ராஜா சிரிக்கவில்லை.

ஃபேஷன் உலகத்துக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே சிரிப்பு யார் மேல் விழுகிறது என்ற கேள்வி வந்துவிடும்.

மோஸ்கினோவை 1983-இல் இத்தாலியில் தொடங்கிய ஃபிராங்கோ மோஸ்கினோவின் கிண்டல் மேல்நோக்கிப் போனது. விலையுயர்ந்த உடை வாங்குபவரைக் கேலி செய்யும் வாசகங்களை அதே விலையுயர்ந்த ஜாக்கெட்டுகளில் தைத்தார். ஷனேல் பாணி உடைகளைப் பகடி செய்தார். வாங்கியவர்களுக்குத் தாங்கள்தான் கேலிப்பொருள் என்று தெரியும், தெரிந்தேதான் வாங்கினார்கள். அவர் 1994-இல் இறந்தார். 2013-இல் ஜெரமி ஸ்காட் அந்த நாற்காலிக்கு வந்தார். 2014 பிப்ரவரியில் மிலானில் அவருடைய முதல் காட்சி: மெக்டொனால்ட்ஸின் சிவப்பும் மஞ்சளும், பொன்வளைவு இதயமாக மாறிய எம் எழுத்து, குழந்தைகள் சாப்பாட்டுப் பெட்டி வடிவில் கைப்பை, ஷனேல் சூட் வெட்டில் தைத்த பர்கர் கடைச் சீருடை. காட்சி முடிந்த மறுநாளே சில உருப்படிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. ஃபிரெஞ்சு ஃபிரைஸ் பொட்டலம் போலிருந்த போன் உறை எல்லோர் கையிலும் தெரிந்தது. வியாபார சாமர்த்தியம் இங்கேதான்: ஆயிரக்கணக்கான டாலர் சூட்டை வாங்க முடியாதவருக்கும் அந்த ஜோக்கில் ஒரு துண்டு கிடைத்தது.

ஆனால் அமெரிக்காவில் துரித உணவுக் கடை ஊழியர்கள் மணிக்கு 15 டாலர் கூலி கேட்டு 2012 நவம்பரிலிருந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். அந்தச் சீருடையை வேறு வழியில்லாமல் தினமும் போட்டுக்கொள்பவருக்கு, ஒருவர் அதை விளையாட்டாக ஆயிரம் டாலருக்கு வாங்கிப் போடுவது எப்படி இருக்கும்? ஸ்காட் கிண்டல் செய்தது மெக்டொனால்ட்ஸ் என்ற ராட்சதனையும் ஃபேஷனின் அவசரத்தையும்தான் என்று வாதாடலாம். நானும் பாதி ஒத்துக்கொள்வேன். ஆனால் கேமரா அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் பக்கமும் திரும்பியது, அவரை யாரும் கேட்கவில்லை. 2016-இல் அதே ஸ்காட் மாத்திரைகள், மருந்துக் குப்பி படங்கள் போட்ட தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். வலி மாத்திரைக்கு அடிமையாகி ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த நாட்டில் அது செல்லுபடியாகவில்லை. எதிர்ப்பு வந்தது, நார்ட்ஸ்ட்ராம், சாக்ஸ் போன்ற பெரிய கடைகள் அதை இறக்கிவிட்டன. அதே கை, அதே நிறம், அதே மிகை. சிரிப்பு விழுந்த இடம் மட்டும் வேறு.

பாலென்சியாகாவின் நீலப் பை கதையில் யார் கெட்டிக்காரர் என்று கேட்டால் நான் இகேயா என்பேன். 2017-இல் பாலென்சியாகா 2,145 டாலருக்கு ஒரு நீலத் தோல் பை விற்றது. பார்ப்பதற்கு இகேயா கடையில் சாமான் அள்ளிப் போட 99 சென்ட்டுக்குக் கிடைக்கும் ஃப்ராக்டா பை மாதிரியே இருந்தது. இகேயா வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. அசல் ஃப்ராக்டாவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு விளம்பரம் போட்டது: குலுக்குங்கள், சரசரத்தால் அசல். மண்ணில் போடுங்கள், தோட்டத்துக் குழாயில் கழுவினால் சுத்தமானால் அசல். விலைச்சீட்டைப் பாருங்கள். அவ்வளவுதான். அடுத்தவர் ஜோக்கைத் தன் பொருளின் உழைப்புக்குச் சான்றாக மாற்றிக்கொண்டது.

அப்போது பாலென்சியாகாவின் டிசைனராக இருந்த டெம்னாவைச் சும்மா திட்டிவிட்டுப் போகவும் முடியாது. ஜார்ஜியா நாட்டில் பிறந்து, அப்காசியப் போரில் ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளை. மலிவுப் பையும், கூரியர்காரர் சட்டையும், பொருத்தமில்லாத கோட்டும் அவருக்குத் தெரிந்த வாழ்க்கையிலிருந்து வந்தவை. அந்த நியாயம் அவரிடம் இருந்தது. பையை வாங்கியவரிடம் இருந்ததா என்பது வேறு கேள்வி. 2022 நவம்பரில் அந்த நியாயமும் கைகொடுக்கவில்லை. வார்களால் கட்டப்பட்ட கரடிப் பொம்மைப் பைகளோடு குழந்தைகளை நிறுத்தி எடுத்த விளம்பரப் படங்கள் வெளியாகி, உலகமே கொதித்து, கம்பெனி படங்களை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டது. "எதுவும் விளையாட்டுதான்" என்று பல வருடம் பழக்கியவர்களுக்கு எங்கே விளையாட்டு நிற்கிறது என்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

இது போன்ற ஒன்று நம் பக்கமும் வந்தது. 2025-இல் நார்ட்ஸ்ட்ராம் கடை, ஒரு ஜப்பானிய பிராண்டின் பெயரில், இந்தி எழுத்து அச்சிட்ட சாதாரணத் துணிப்பையை 48 டாலருக்கு விற்றது. ரமேஷ் ஸ்பெஷல் நம்கீன் என்று எழுதியிருந்தது. நம் மஞ்சப்பைக்கு வடக்கத்திச் சித்தப்பா மகன். மிட்டாய்க் கடையில் சும்மா கொடுப்பதை நாலாயிரம் ரூபாய்க்கா என்று ஊரே சிரித்தது. நீங்கள் காராசேவு விற்பவர் என்பதால் சொல்கிறேன்: அந்த ரமேஷின் இடத்தில்தான் நீங்கள் நிற்கிறீர்கள், நார்ட்ஸ்ட்ராம் இடத்தில் இல்லை. இது உங்களுக்குச் சாதகம். எப்படி என்று பிறகு வருகிறேன்.

பாணி யாருடையதோ அவரைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு குச்சி (Gucci) என்ற இத்தாலிய ஃபேஷன் பிராண்டைப் பார்க்கலாம். 2015-இல் அலெசாண்ட்ரோ மிக்கேலி பொறுப்பேற்றபின் குச்சி பாம்பு, புலி, தேனீ, பாட்டி வீட்டுத் திரைச்சீலைப் பூ என்று ஒரே பாட்டாகக் கொட்டியது. 2015-இல் சுமார் 390 கோடி யூரோவாக இருந்த விற்பனை 2019-இல் 960 கோடி யூரோவைத் தாண்டியது. இடையில், 2017 மே மாதக் காட்சியில் வந்த ஒரு ஜாக்கெட், நியூயார்க்கின் ஹார்லம் பகுதியைச் சேர்ந்த டாப்பர் டேன் 1980-களில் தைத்த ஜாக்கெட்டின் அப்பட்டமான நகல் என்று இணையம் கண்டுபிடித்தது. டாப்பர் டேன் யார்? பெரிய பிராண்டுகளின் சின்னங்களைத் தோலில் தானே அச்சடித்து, ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் ஆடம்பர உடை தைத்தவர். அந்த பிராண்டுகளே வழக்குப் போட்டு 1992-இல் அவர் கடையை மூட வைத்தன. யாருடைய வேலையைத் திருட்டு என்றார்களோ அதையே கால் நூற்றாண்டு கழித்து மேடையேற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் குச்சி அவரோடு ஒப்பந்தம் போட்டு, துணியும் கொடுத்து, 2018-இல் ஹார்லமிலேயே அவருக்கு மறுபடி தையலகம் திறக்க வைத்தது. தாமதமான நியாயம், ஆனாலும் நியாயம். 2019 பிப்ரவரியில் குச்சியின் ஒரு ஸ்வெட்டர் கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் பழைய முகப்பூச்சு வேஷம் போலிருக்கிறது என்று புயல் கிளம்பியபோது, கம்பெனித் தலைவர் நேராக ஹார்லமுக்கு வந்து பேச வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அதே டேன் இருந்தார்.

இதற்கு மூன்று மாதம் கழித்து நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் கேம்ப்பைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. பண உதவி குச்சி. தொடக்க விழாவுக்கு கேட்டி பெர்ரி சரவிளக்காக வந்து, பிறகு ஹாம்பர்கராக உடை மாற்றினார். இரண்டும் மோஸ்கினோ. பார்க்க ரகளையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ரசனையை வளர்த்தவர்கள் பெரும்பாலும் ஓரினச் சேர்க்கையாளர்களும் பெண் வேஷம் கட்டி ஆடும் டிராக் கலைஞர்களும். போலீஸ் தொல்லைக்கு நடுவில், மறைவான பார்களில் அவர்கள் கட்டிய வேஷம் இது. சான்டாக்கே அதை எழுதியிருக்கிறார். ஓரினச் சேர்க்கையாளர்களின் பெருமை மாதமான ஜூனில் வானவில் கொடி போடும் கம்பெனிகள் கடன் வாங்குவது இந்தக் கணக்கிலிருந்துதான்.

கடனைத் திருப்பத் தெரிந்தவர்களில் அப்சொல்யூட் வோட்கா ஒன்று. 1981-லிருந்தே ஓரினச் சேர்க்கையாளர் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. மற்ற மது கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காத காலம். எதிர்ப்பக்கம் பட் லைட் பீர். 2023 ஏப்ரலில் திருநங்கை நடிகை டிலன் முல்வேனி பழைய ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் வேஷத்தில் அதற்காக ஒரு குட்டி வீடியோ போட்டார். பழமைவாதிகள் புறக்கணிப்பு அறிவித்தார்கள். கம்பெனி முல்வேனியின் பெயர்கூடச் சொல்லாத மழுப்பலான அறிக்கை விட்டது, விளம்பர அதிகாரிகளை விடுப்பில் அனுப்பியது. கம்பெனி தன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று முல்வேனி பிறகு சொன்னார். பால்புதுமையினர் அமைப்புகளும் கைவிட்டன. சில வாரங்களில் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பீர் என்ற இடம் மொடெலோவுக்குப் போனது. வீடியோ போட்டதால் மட்டும் இவ்வளவு அடி விழுந்ததாக நான் நினைக்கவில்லை. நடுமேடையில் வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியதால் இரண்டு பக்கமும் விழுந்தது.

இந்தியாவுக்கு வருவோம். க்ரெட் 2018-இல் தொடங்கிய கம்பெனி, கிரெடிட் கார்டு பில் கட்டும் செயலி. கோவிந்தா, மாதுரி தீட்சித், பப்பி லாஹிரி என்று பழைய நட்சத்திரங்களை வைத்து 2020-இல் ஆரம்பித்தார்கள். 2021-இல் வாழ்க்கையில் குரலே உயர்த்தாத திராவிட் பெங்களூரு டிராஃபிக்கில் வெறிபிடித்துக் கத்தினார். வெங்கடேஷ் பிரசாத்தும் ஸ்ரீநாத்தும் தொண்ணூறுகளின் பாய் பேண்ட் ஆனார்கள். எல்லாம் அற்புதமாகச் செய்யப்பட்டவை, யாரும் கண்ணடிக்கவில்லை. இந்த மலிவு வேஷத்துக்குப் பின்னால் இருந்தது, 750-க்கு மேல் கிரெடிட் ஸ்கோர் உள்ளவரை மட்டும் உள்ளே விடும் ஒரு கதவு. உள்ளே அந்தஸ்து இருந்ததால் வெளியே கோமாளித்தனம் செய்ய முடிந்தது. இருந்தும் விளம்பரத்தைச் சொல்லிச் சிரித்த பலருக்குக் கம்பெனி என்ன செய்கிறது என்று தெரியவில்லை. 2020-21 நிதியாண்டில் நஷ்டம் 500 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

2010-இல் பெங்களூரில் ஆரம்பித்த சும்பக் வேறு பாடம். ஆட்டோ, ஆந்தை, மீசைக்காரர் படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தங்கள், குவளைகள். அடர் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக இந்தியத் தெருவையே நகரத்து மேசைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஆட்டோ காந்தத்தை ஒருவர் எத்தனை முறை வாங்குவார்? பிறகு அவர்களே வீட்டு அலங்காரம், பை, கைக்கடிகாரம் என்று நகர்ந்தார்கள். உங்களுக்கு இந்தக் கவலை குறைவு, முறுக்கு தீர்ந்தால் மறுபடி வாங்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் பாக்கெட். தெருப் பாணி என்று டிசைனர் காட்டும் படங்களில் பாதி சிவகாசியிலிருந்து வந்தவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும், அதற்கு அச்சகம் வேண்டும் என்று வளர்ந்து ஊரே காலண்டர் ஊரானது. கோவில்பட்டி கொண்டையராஜு நாடகத் திரைச்சீலை வரைந்த கையால் சாமி படம் வரைந்தார். முருகன் பின்னால் மலையும் ஓடையும் நாடக மேடை மாதிரி ஆழமாகத் தெரிவது அந்தப் பழக்கத்தால்தான். அந்தப் படத்துக்குக் கீழே ஜவுளிக் கடை பெயர், மளிகைக் கடை பெயர். வருடம் முழுக்கச் சுவரில் தொங்கும், வருடம் முடிந்தாலும் குப்பையில் போட மனசு வராமல் ஃபிரேம் போட்டுக்கொள்வார்கள். இதைவிடச் சிக்கனமான விளம்பரத்தை எந்த ஏஜென்சியும் கண்டுபிடிக்கவில்லை. அதை வாங்கியவருக்கும் வரைந்தவருக்கும் அதில் நக்கல் துளியும் இல்லை. மாலை மாற்றி, பொட்டு வைத்துக் கும்பிட்டார்கள். அதை எடுத்து "எவ்வளவு க்யூட்டான கிட்ச்" என்று பாக்கெட்டில் போட்டால், நம் சித்தி வீட்டுச் சுவரைப் பார்த்து நாமே சிரிப்பதாக ஆகிவிடும். அதனால் சாமி படம் வேண்டாம். பேனரும் லாரியும் பரவாயில்லை. அவை முதலிலிருந்தே கூவி அழைக்கப் பிறந்தவை.

செய்வதானால், டிசைனரிடம் கணினியில் பேனர் மாதிரி எழுத்துரு போடச் சொல்லாதீர்கள். பேனர் வரைந்தவர்கள் ஃப்ளெக்ஸ் வந்தபின் சுவர் விளம்பரம், கோயில் வேலை என்று சிதறிப்போனார்கள். தேடினால் இன்னும் கிடைப்பார்கள். நாமக்கல் பக்கம் லாரி பட்டறைகளில் தூரிகை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு டிசைனருக்குக் கொடுக்கும் அதே கணக்கில் கூலி கொடுத்து, நிஜமாகவே பெரிய பலகையில் வரையச் சொல்லி, அதைப் படமெடுத்துப் பாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். மூலையில் அவர் கையெழுத்து இருக்கட்டும். பழைய பேனர்களில் ஆர்ட்ஸ் பெயர் இருக்கும் அல்லவா, அப்படி. கதாநாயகன் இடத்தில் முறுக்கை வைத்து, நாற்பதடி கட்டவுட்டுக்குரிய மரியாதையோடு வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். நிழல் எங்கே, ரோஸ் எவ்வளவு என்பதெல்லாம் அவர் முடிவு. டிசைனர் "இன்னும் கொஞ்சம் ஃபன்னா" என்றால் தடுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த வேஷம் போட்டபின் யாராவது "பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது" என்று எழுதுவார்கள். சூப்பர் மார்க்கெட் வாங்குபவர் ஒருவர் வெள்ளைப் பின்னணியில் ஒரு இலை போட்ட பாக்கெட் கேட்பார். அதற்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் இப்போதே இலையைப் போட்டுவிடுங்கள், செலவு மிச்சம். இரண்டு தீபாவளி தாங்கும் உறுதி இருந்தால் மட்டும் பேனருக்குப் போங்கள். முதலில் இரண்டே வகைகளில், சின்ன பாக்கெட்டில் விட்டுப் பாருங்கள்.

முறுக்கு எண்ணெய் வாடை அடித்தால் இது எதுவும் காப்பாற்றாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டின் பின்பக்கம், அதாவது சேர்மானங்கள், எடை, எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், அங்கே லாரி எழுத்து வேண்டாம். வெள்ளையில் கறுப்பு, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு.